தெர்மாமீட்டர் அக்கா

முந்நூற்றுப் பன்னிரண்டு. தொழிற்சாலையின் சொத்துப் பதிவேட்டில் இருக்கும் மெஷின்களின் எண்ணிக்கை அது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், அத்தனையையும் ஒரே ஆள் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். இருபத்து மூன்று வருடமாக இதே கை.

டிசம்பர் இருபத்தேழு, காலை ஏழே கால். மூடி அடிக்கும் பிரஸ் ஒன்றின் கியர் பெட்டிமேல் அந்தக் கை படிந்திருக்கிறது. கண் எண் தகட்டைப் பார்க்கிறது, உதடு ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது. மூன்றுக்குள் கையை எடுக்கும்படி ஆனால் சூடு. பத்து எண்ணியும் கைக்கு ஒரு சேதியும் வராவிட்டால் குளிர். ‘சூ’ என்றோ ‘கு’ என்றோ பென்சிலால் ஓரெழுத்து. பென்சில் நூலில் கட்டிக் கழுத்தில் தொங்குகிறது. பேனா என்றால் எண்ணெயில் வழுக்கும். அடுத்த மெஷினுக்கு நகரும்போது ஒருமுறை மூக்கை உறிஞ்சிக்கொள்கிறார். ஜலதோஷம் இல்லை, பழக்கம்.

தகரத்தில் டப்பா செய்யும் தொழிற்சாலை. ஒரு கோடியில் தகடு தகடாக உள்ளே போவது மறு கோடியில் பெயிண்ட் டப்பாவாக, பிஸ்கட் டப்பாவாக, எண்ணெய் டின்னாக வெளியே வரும். உள்ளே பேச்சு எடுபடாது. பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடக்கூடத் தோளைத் தட்டியாக வேண்டும். அதனால் அங்கே எதற்கும் ஒரு சைகை உண்டு. சாப்பாட்டுக்கு ஒன்று, மேனேஜர் வருகிறார் என்பதற்கு ஒன்று. ஒருவர் தன் புறங்கையைத் தன் நெற்றியிலேயே வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல் காட்டினால், தெர்மாமீட்டர் அக்கா ஹாலுக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சைகை அவருக்கு முன்னால் ஓடிப்போய் ஹாலின் கடைசி வரை சேர்ந்துவிடும். அவருக்கும் அது தெரியும். சில நாள், ஹாலுக்குள் நுழைந்ததும் அவரே தன் நெற்றியில் கை வைத்துக் காட்டுவார்.

வயது ஐம்பத்து நான்கு. வேலை, கட்டடமும் மெஷினுமாக நீண்ட நாள் நிற்கிற சொத்துகளுக்குக் கணக்கு எழுதுவது. ஆபீஸ் மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு மூலை. எண்ணிக்கை நாளில் மட்டும் இரண்டு அளவு பெரிய சாம்பல் நிறக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்குவார். தோள்பையில் டார்ச், சாக்பீஸ், எண்ணெய் துடைக்கக் கொஞ்சம் கழிவுப் பஞ்சு, ஒரு பழைய டூத் பிரஷ். டூத் பிரஷ், அழுக்கேறிய எண் தகடுகளைத் தேய்த்துப் படிக்க. அதை ஒருமுறை துப்புரவு செய்யும் அம்மா குப்பையில் போட்டுவிட்டு, “புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க, பல்லு என்னத்துக்கு ஆகும்?” என்று புத்தி சொல்லியிருக்கிறார்.

எதற்குத் தொட வேண்டும்? எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒவ்வொரு வாரமும் கம்ப்யூட்டரில் வருகிறதே என்று கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். “அது சூப்பர்வைசர் எழுதுறது. அவருக்கு என்ன வேணுமோ அதை எழுதுவாரு. மெஷினுக்கு எழுதத் தெரியாது, பாவம். அதுக்காகத்தான் நான் போறேன்.”

தொட்டுத் தொட்டு அந்தக் கை சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் என்ஜின் மூடிமேல் வைக்கும். கடையில் ஃபிரிட்ஜின் பின்பக்கம் வைக்கும். தம்பி மகள் நெற்றியில், பக்கத்து வீட்டு டி.வி.யின் முதுகில், டீ டம்ளரில். புறங்கையில் மூன்று பழைய வடுக்கள். யாராவது கேட்டால் ஊர்ப் பெயர் சொல்வதுபோல் சொல்வார்: “இது நாப்பத்தேழு, வார்னிஷ் அடுப்பு. இது நூத்தியெட்டு. இது என் முட்டாள்தனம், இஸ்திரிப் பெட்டி.”

நான்காவது வடு மோதிர விரலின் அடியில், வளையமாக. பதினொரு வருடத்துக்கு முன் தகட்டில் பூசிய வார்னிஷைக் காயவைக்கும் அந்த அடுப்பின் கதவிலேயே மோதிரம் சூடேறித் தோலோடு ஒட்டிக்கொண்டது. கணவர் போட்ட மோதிரம். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது, மோதிரம் போகவில்லை. விரல் பருத்துவிட்டதால் சாதாரணமாக இழுத்தால் வராது. எண்ணிக்கைக்கு முந்தின நாள் சாயங்காலம் குளியலறையில் சோப்பு போட்டு, திருகித் திருகிக் கழற்றி, சோப்பு டப்பாவிலேயே வைத்துவிடுவார். எண்ணிக்கை முடிந்து வந்து கை கழுவும்போது திரும்பப் போட்டுக்கொள்வார்.

எந்த நாள் எண்ணுவது என்பதை அவரேதான் தீர்மானிப்பார். மேனேஜருக்குச் சொல்ல மாட்டார், நாட்காட்டியில் குறிக்க மாட்டார். “சொல்லிட்டுப் போனா மெஷின் தலை சீவிப் பவுடர் போட்டு உக்காந்திருக்கும்” என்பார்.

கணக்கு தெரியாதவர்களுக்கு அவர் தன் வேலையை விளக்குவது இப்படி: “தேய்மானம்னு ஒண்ணு இருக்கு. அது நரை மாதிரி. வருஷா வருஷம் கொஞ்சம் வரும், யாரும் பதற மாட்டாங்க. இன்னொண்ணு இருக்கு. அது மாரடைப்பு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க.” இரண்டாவதில்தான் அவருக்கு வேலை அதிகம். மெஷின் பழுதாகி இருக்க வேண்டியதில்லை. அது செய்கிற பொருளை வாங்க ஆள் இல்லாமல் போனாலே போதும். ஓட்டிக்கொண்டிருந்தால் இனிமேல் எவ்வளவு வரும், இன்றைக்கே விற்றால் எவ்வளவு வரும், இரண்டில் எது பெரிதோ அதுதான் அதன் மதிப்பு. கணக்குப் புத்தகத்தில் அதற்குமேல் எழுதியிருந்தால் வெட்டிவிட வேண்டும்.

“ஓட்டினா என்ன, வித்தா என்ன?” இது அவர் வாயிலிருந்து நாளைக்குப் பத்து தடவை வரும். குடை, செருப்பு, பழைய சைக்கிள், எதைப் பார்த்தாலும். கேன்டீன்காரர் ஒருநாள் நெற்றியை நீட்டிக்கொண்டு வந்தார். “அக்கா, என்னையும் தொட்டுச் சொல்லுங்க. இன்னும் எத்தனை வருஷம் ஓடுவேன்?” அக்கா உண்மையிலேயே கையை வைத்து ஐந்து எண்ணிவிட்டுச் சொன்னார்: “புத்தகத்துல நீ எப்பவோ ஜீரோ. இப்ப ஓடுறதெல்லாம் லாபம்.” கேன்டீன்காரர் அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்.

மேலே ஆபீஸில் இந்த வெட்டுக்குப் பெயர் இம்பேர்மென்ட். படி இறங்கி ஹாலுக்கு வருவதற்குள் அந்தச் சொல் உருமாறிவிடும். நான்கு வருடத்துக்கு முன் பூப்போட்ட பிஸ்கட் டப்பா லைனைப் பற்றி யாரோ, “அதை இம்பேர்மென்ட் பண்ணப் போறாங்க” என்று கத்த, இரைச்சலில் அது அந்த லைனின் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் காதில் “பெர்மனென்ட்” என்று விழுந்தது. அவர் ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். “உங்க கையெழுத்துலதான் ஆச்சாமே அக்கா. எடுத்துக்குங்க.” அக்கா ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் லைனைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். ஒப்பந்தத்தில் இருந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். அந்த மிட்டாய்த் தாள் இன்னும் அக்காவின் இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

வெட்டு விழுந்த லைனை மேலிடம் அதிக நாள் வைத்துக்கொள்வதில்லை. புத்தகத்தில் கனமாக இருக்கும்வரை விற்றால் நஷ்டம் காட்ட வேண்டும். வெட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. விற்றுவிடலாம். இது ஹாலில் எல்லோருக்கும் தெரியும். தொடர்ந்து இரண்டு எண்ணிக்கையில் ‘கு’ விழுந்தால் அந்த லைனின் மதிப்பை வெட்ட வேண்டுமா என்று சோதனைக்கு எடுக்க வேண்டும் என்பது தொழிற்சாலையின் விதி. அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த டிசம்பரில் அக்காவின் கை கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம், சதுர டின் லைன். எண்ணெய் அடைக்கும் பெரிய சதுர டின்கள் செய்யும் இடம். பத்தொன்பது பேர். மூடியையும் உடம்பையும் சேர்த்து மடித்து இறுக்கும் மெஷினில் நிற்பவர் அக்காவின் சொந்தத் தம்பி. வயது நாற்பத்தாறு. கீழ்வீட்டில் தம்பி குடும்பம், மேலே ஒற்றை அறையில் அக்கா, குளியலும் சாப்பாடும் கீழே ஒன்றாக.

மடிப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியாக இருந்தது. அக்கா மோட்டாரில் கை வைத்தார். இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. பென்சிலைப் பிடித்து ‘சூ’ எழுதப் போனவர், என்னவோ தோன்றி, மெஷினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். தம்பி நிறுத்தினான். அக்கா எட்டி, மெஷினின் தலையில், தகரம் மடிகிற உருளைகளின்மேல் புறங்கையை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தகரம் மடிந்தால் முதலில் சுடுகிற இடம் அதுதான். ஏழு, எட்டு. விரலால் உருளையைத் தடவிப் பார்த்தார். தகரம் உரசியிருந்தால் விரலில் வெள்ளிப்பொடி ஒட்டும். ஒட்டவில்லை. ஒன்பது, பத்து.

மோட்டார் கொதித்தது. தலை, கிணற்றுக் கல் மாதிரி கிடந்தது. காலையிலிருந்து ஒரு டின்கூட அந்த வழியாகப் போகவில்லை.

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். பதிவேட்டில் சதுர டின் லைனுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் அக்கா படியேறிப் போனார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் காலியாக விட்ட முதல் கட்டங்கள் அவை.

சாயங்காலம் ஆறரை. தம்பி சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

திரும்பிப் பார்க்காமல் தம்பிதான் ஆரம்பித்தான். “என்ன எழுதினே?”

“எழுதல.”

“மோட்டார் சூடாத்தானே இருந்துச்சு?”

“மோட்டார் சூடாத்தான் இருந்துச்சு.”

ஸ்பேனர் நின்றது. “தலையை எதுக்குத் தொட்டே? ஜூன்ல தொடலையே.”

“தொடல. உன் மெஷினாச்சேன்னு விட்டுட்டேன்.” அக்கா கேட்டார்: “எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணீங்க?”

“அஞ்சரைக்கு.”

“வெறும் மெஷினையா?”

“வேற என்ன பண்ண? மாசத்துக்கு நாலு நாளைக்குத்தான் தகரம் வருது. நீ வர்ற நாள் பாத்து அது வருமா?”

“ஜூன்லயும் இதேதானா?”

தம்பி பழைய வாஷரை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நான் வர்றது எப்படிடா தெரிஞ்சுது? நான் சாமிகிட்டகூடச் சொல்றதில்லையே.”

தம்பி மனைவி கத்தியை வைத்துவிட்டு, குளியலறைப் பக்கம் முகவாயால் காட்டினார். “சோப்பு டப்பாவைப் பாருங்கக்கா.”

மோதிரம் அங்கே, பாதி கரைந்த சோப்பின்மேல் கிடந்தது.

“அது அங்க வந்து உக்காந்துச்சுன்னா மறுநாள் நீ வருவே,” என்றான் தம்பி. “இவ பாத்துச் சொல்லுவா. நான் ஃபோர்மேனுக்கு மெசேஜ் போடுவேன். ‘மோதிரம் கழண்டாச்சு.’ அவ்வளவுதான்.”

“உலகத்தையே தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க,” என்றார் தம்பி மனைவி. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை அந்தக் குரலில். “உங்க கையை மட்டும் விட்டுட்டீங்களே.”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜூனிலிருந்து மாதங்களை விரல்விட்டு எண்ணினார். பிறகு கேட்டார்: “ஆகஸ்ட்ல அந்தப் பழம் பதப்படுத்துற கம்பெனியில ஆள் எடுத்தாங்களே. மடிப்பு மெஷின் தெரிஞ்சவங்களாப் பாத்து. நீ ஏன் போகல?”

“உன்னைக் கேட்டேனே. ‘எங்க லைன் எப்படிக்கா இருக்கு’ன்னு கேட்டேன். புத்தகத்துல நல்லாத்தான் இருக்குன்னு சொன்னே.”

“புத்தகத்துல அதைச் சூடேத்தினதே நீங்கதானேடா!”

“தெரியும்.” தம்பி இப்போதுதான் திரும்பினான். “நாங்கதான் உன்னை ஏமாத்தினோம். எனக்குத் தெரியாதா? ஆனா நீ எழுதின அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. உன் கையாச்சே. அது சூடுன்னு சொன்னா, எங்கேயோ கொஞ்சமாச்சும் சூடு இருக்கத்தானே செய்யும்னு நெனச்சேன். லைன்ல எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. ஒருத்தன்கூட அங்க போகல.”

அந்தக் கம்பெனி நாற்பத்தைந்து வயதுக்குமேல் ஆள் எடுப்பதில்லை. தம்பிக்கு அக்டோபரில் நாற்பத்தாறு ஆகிவிட்டது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“மறுபடியும் எடுப்பாங்களா?”

“ஜனவரி பதினஞ்சு வரைக்கும் மனு வாங்குறாங்க. எங்க ஆளுங்கள்ல ஒரு ஏழு பேருக்கு வயசு இருக்கு.” தம்பி புது வாஷரை எடுத்து ஊதினான். “ஆனா எவனும் போக மாட்டான். லைன் புத்தகத்துல உசுரோட இருக்குல்ல.”

மறுநாள், இருபத்தெட்டாம் தேதி, அக்கா நாள் முழுவதும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். ஒன்று சேர்ந்து சம்பாதிக்கிற மெஷின்களைப் பிரித்து எடை போடக் கூடாது என்று கணக்கில் ஒரு விதி உண்டு. சதுர டின் லைனை உருண்டை டப்பா லைனோடு சேர்த்துக் காட்டினால், உருண்டையின் லாபத்தில் சதுரம் மறைந்துகொள்ளும். காலையெல்லாம் அதைச் சேர்க்கப் பார்த்தார். தகடு வேறு, வாங்குகிற ஆட்கள் வேறு, உருண்டை நின்றாலும் சதுரம் ஓடும், சதுரம் நின்றாலும் உருண்டை ஓடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டும் ஒட்டவில்லை.

விற்பனைப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டார். “அஞ்சு வருஷத்துக்குச் சதுர டின் எவ்வளவு போகும்? உண்மையைச் சொல்லு.”

“மூணு பேரு வாங்குறாங்க அக்கா. அதுல ஒருத்தர் பிளாஸ்டிக்குக்குப் போயாச்சு. ஒருத்தர் யோசிக்கிறாரு. மூணாவது ஆளுக்கு எழுபத்தொன்பது வயசு, அவர் இருக்கிற வரைக்கும் வாங்குவாரு.”

அக்கா கணக்குப் போட்டார். அந்த லைன் புத்தகத்தில் நூறு என்று வைத்துக்கொண்டால், ஓட்டினால் வருவது பதினொன்று. பிரித்து எடைக்குப் போட்டால் பதினாறு. மறுபடி போட்டார். அதே பதினாறுதான் பெரிதாக நின்றது. “ஓட்டினா என்ன, வித்தா என்ன?” என்று பக்கத்து மேஜைக்காரர் வழக்கம்போல் கேலியாகக் கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

நான்கு மணிக்கு நிதி மேலாளரின் அறைக்குப் போனார். மேலாளர் அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மேடம், டிசம்பருக்குக் குளிர்னே எழுதுங்க. உண்மைதானே? ஜூனை அப்படியே விட்டுடுங்க. ஒரு குளிருக்குச் சோதனை கிடையாது. ஆறு மாசம் கிடைக்கும். இந்த வருஷ லாபமும் தப்பிக்கும்.”

“ஜூன்ல எழுதினது தப்பு சார்.”

“உங்களுக்கு அப்பத் தெரியாதே. தெரியாம எழுதினது எப்படி மேடம் தப்பாகும்?”

“இப்பத் தெரியுமே.”

மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “உங்க தம்பி அந்த லைன்லதானே இருக்காரு?”

“ஆமா சார்.”

“அப்புறம் எதுக்கு மேடம்?”

அக்கா கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். அங்கேயும் புறங்கைதான். “ஆடிட்டர் முப்பதாம் தேதி எத்தனை மணிக்கு வர்றாரு?” என்று கேட்டார்.

“பத்து மணிக்கு.”

“சரி சார்.”

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்தரை மணிக்கு அக்கா ஹாலுக்குள் இறங்கினார். கோட்டு இல்லை, தோள்பை இல்லை. கையில் பதிவேடு, கழுத்தில் பென்சில், விரலில் மோதிரம். எண்ணிக்கைதான் முடிந்துவிட்டதே என்று யாரும் நெற்றியில் கை வைத்துக் காட்டவில்லை. இரைச்சலைத் தாண்டி ஹாலின் கோடிக்குப் போகப் போக, ஒரு மூலை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது.

சதுர டின் லைன் தன்னுடைய உண்மையான முகத்தோடு கிடந்தது. ஒருவர் ஏற்கெனவே மஞ்சள் பூசிய கைப்பிடிக் கம்பிக்கு மறுபடியும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பெருக்கிய தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் பழைய செய்தித்தாளைக் கப்பலாக மடித்துக்கொண்டிருந்தார். துருப்பிடிக்காமல் இருக்க மெஷின்களுக்குத் தடிமனாக கிரீஸ் பூசியிருந்தது. தம்பி ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

அக்காவைப் பார்த்ததும் ஃபோர்மேன் பாய்ந்து எழுந்தார். சுவிட்ச் பக்கம் போகப் போனவரைத் தம்பி கையைப் பிடித்து நிறுத்தினான்.

அக்கா நேராக மடிப்பு மெஷினுக்குப் போய் அதன் தலையில் புறங்கையை வைத்தார். மோதிரம் இரும்பில் பட்டு ‘டிங்’ என்றது. அந்த ஹாலில் அப்படி ஒரு சத்தம் யாருக்கும் கேட்டதில்லை. பத்தொன்பது பேரும் அவர் உதட்டையே பார்த்தார்கள். ஒன்று, இரண்டு என்று அது அசைந்துகொண்டே போனது. மஞ்சள் பூசியவரின் உதடும் கூடவே அசைந்தது. பத்து வந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு வரை போனார்.

பதிவேட்டைப் பிரித்தார். எழுதுவதற்கு முன் எண் தகட்டைப் பார்த்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். தகடு கிரீஸுக்குள் புதைந்திருந்தது. கை தானாகத் தோள்பக்கம் போனது. பையும் டூத் பிரஷும் மூன்றாம் மாடியில் இருந்தன.

தம்பி எழுந்தான். கால்சட்டைப் பையிலிருந்து கழிவுப் பஞ்சை எடுத்தான். தகட்டின் கிரீஸை வழித்து, மூலைகளை நகத்தால் சுரண்டி, பஞ்சைத் திருப்பி மறுபக்கத்தால் ஒருமுறை அழுத்தித் துடைத்தான். பிறகு தன் நிழல் தகட்டில் விழாமல் ஓரடி தள்ளி நின்றுகொண்டான். இருநூற்று முப்பத்தொன்று.

அக்கா டிசம்பர்க் கட்டத்தில் ‘கு’ என்று எழுதினார். ஜூன் கட்டத்தில் இருந்த ‘சூ’வின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘கு’ எழுதி, அதற்குக் கீழே தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டார்.

ஜனவரி நான்காம் தேதி ஏழு பேர் பழக் கம்பெனிக்கு மனுக் கொடுத்தார்கள். சதுர டின் லைனை ஏற்றிப்போக லாரி பிப்ரவரி மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வருகிறது.